சென்னையில் மூன்று நாள்: மால் வேண்டாம், மரம் வேண்டும்

பொள்ளாச்சி மகள்
எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதக் கடைசியில் சென்னை வருகிறோம். அப்பா, நான், என் ஆறு வயது மகள். திங்கள் இரவு ரயிலில் வந்து இறங்குகிறோம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கையில் இருக்கின்றன. தங்குவது நந்தனத்தில் தம்பி வீட்டில். அவன் மூன்று நாளும் அலுவலகம் போய்விடுவான்.

அப்பாவுக்கு 74 வயது. தென்னந்தோப்புக்காரர். கடைகண்ணிக்குக் கூட்டிப்போனால் வாசலிலேயே நின்றுவிடுவார். மரத்தைக் கண்டால் கிட்டே போய்த் தட்டிப்பார்ப்பார். முழங்கால் வலி உண்டு, அரை கிலோமீட்டர் நடந்தால் உட்கார வேண்டும். மகளுக்கு மான் பார்க்க வேண்டுமாம். எனக்கு இரண்டு பேரும் சண்டை போடாமல் இருந்தால் போதும்.

நான் போட்டு வைத்திருப்பது இது: செவ்வாய் கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை. புதன் வண்டலூர் மிருகக்காட்சிசாலை. வியாழன் செம்மொழிப் பூங்கா, மாலையில் மெரினா. சரிவருமா?

வேளச்சேரி நாரை
வராது. கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே இருக்கும் பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய் விடுமுறை. வண்டலூருக்கும் அதே செவ்வாய்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் இந்தச் செவ்வாயில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் குழந்தையை வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் குடும்பங்களை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

கிண்டியைப் புதனுக்கு மாற்றுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

லஸ் முனை
அம்மா, அந்தச் செவ்வாய்க் காலையை என்னிடம் கொடுத்துவிடுங்கள். ஆறரை மணிக்குள் அப்பாவை மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு அழைத்து வாருங்கள். நந்தனத்திலிருந்து ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம். நுழைவுச்சீட்டு கிடையாது. பெரிய பூங்காவும் இல்லை. ஒரு சுற்று சுற்றினால் முடிந்துவிடும், அதுதான் முழங்காலுக்கு நல்லது. உட்கார இடம் தாராளமாக உண்டு.

அமிர்தாஞ்சன் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில் இருக்கிறது. தலைவலித் தைலம் விற்ற பணத்தில் பத்திரிகை நடத்தியவர், விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர். அவர் பெயர் வைத்த பூங்காவில் தினமும் காலையில் அரசியல் பேசி எங்களுக்குத் தலைவலி வருகிறது என்பது வேறு விஷயம். ஒரு பக்கம் சதுரங்கம், ஒரு பக்கம் பூப்பந்து, நடுவில் நடைக்காரர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஒலிபெருக்கி இல்லாமல் பிள்ளைகள் கச்சேரி பாடுவார்கள். உங்களுக்கு அந்த நாள் வாய்க்கவில்லை, பரவாயில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். சென்னையில் எந்தப் பூங்கா என்று கேட்பதைவிட எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். காலை ஏழு மணிக்குச் சொர்க்கமாக இருக்கும் அதே இடம் பதினோரு மணிக்கு அடுப்பங்கரை.

இரட்டையர் அம்மா
மகளுக்காக ஒன்று. கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்காவுக்கு எதிர்ப்புறம் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறந்தார்கள். ஏறத்தாழ ஆறு ஏக்கர். கம்பிவடத்தில் தொங்கியபடி பறக்கும் ஜிப்லைன் 500 மீட்டர், பறவைக் கூடம், இசை நீரூற்று, கண்ணாடி மாளிகைக்குள் வெளிநாட்டுச் செடிகள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியே வர மறுத்து அழுதார்கள். செம்மொழியையும் இதையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

லஸ் முனை
அதற்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய் என்று திறந்தபோதே படித்தேன். சிறுவருக்கு 50. அதற்குமேல் பறப்பதற்குத் தனி, பறவைக்குத் தனி. ஒரு வீட்டில் நாலு பேர் போனால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பூங்கா என்பது கையில் காசில்லாதவன் போய் உட்காருகிற இடம். காசிருப்பவனுக்குத்தான் ஊர் முழுக்க இடம் இருக்கிறதே.

இரட்டையர் அம்மா
ஐயா, வருத்தப்படாதீர்கள், நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆண். பூங்காவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. எங்கள் பகுதியில் ஓர் இலவசப் பூங்கா இருக்கிறது, பெயர் வேண்டாம். பெண்கள் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், திறந்து நான் பார்த்ததில்லை. சாவி காவலாளியிடம், காவலாளி டீக்கடையில். கர்ப்பமாக இருந்த காலத்தில் அங்கே நடைக்குப் போவதையே அதனால் நிறுத்தினேன். சுத்தமான கழிப்பறைக்காக 100 ரூபாய் கேட்டால் நான் கொடுத்துவிடுவேன்.

லஸ் முனை
பதில் இல்லை அம்மா. சாவி கதை எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கழிப்பறையைத் திறந்து வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டுமே தவிர, கட்டணம் வாங்கும் இடத்துக்குக் குடிபெயர்ந்துவிடக் கூடாது என்று இன்னும் நினைக்கிறேன்.

பேசின் பாலம்
வழக்கம்போல மயிலாப்பூரும் கதீட்ரல் சாலையும்! சென்னை என்றால் கூவத்துக்குத் தெற்கே மட்டும்தானா?

சரி, ஒரு பழங்கதை சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து வரும் அம்மா சென்ட்ரலில் இறங்குவார்கள். எதிரே இருக்கும் மின்சார ரயில் நிலையத்தின் பெயர் பார்க். வட்டாரத்தின் பெயர் பார்க் டவுன். பார்க் எங்கே? யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இருந்தது. டிரவெலியன் ஆளுநராக இருந்தபோது, 1859 வாக்கில் போட்ட பீப்பிள்ஸ் பார்க். 116 ஏக்கர், பதினொரு குளங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த பால்ஃபர் அங்கே 1855இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை பிறகு இங்கேதான் வந்தது. எங்கள் தாத்தா அதை உயிர்க்காலேஜ் என்பார். அருங்காட்சியகம் செத்த காலேஜ். அப்புறம் நிலத்தைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். விக்டோரியா பொது மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டு அரங்கம் வந்தது. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. அதே ஆண்டு மிருகங்களும் வண்டலூருக்குப் போய்விட்டன. மிச்சம் மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு.

நகரத்தின் நடுவில் 116 ஏக்கர் ஐயா! எண்ணிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வேளச்சேரி நாரை
கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலை அரசு மீட்டு, அதில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்தது, 2024இல். 116 போய் 118 வந்தால் வரவு செலவு சரியாகிவிடும். வரட்டும், பார்ப்போம்.

பேசின் பாலம்
அதுவும் கிண்டியில்தான் பாருங்கள்.

வடக்கே மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. பொள்ளாச்சி அப்பாவுக்கு நந்தனத்திலிருந்து அவ்வளவு தூரம் வேண்டாம்தான். பெயராவது இழையில் இருக்கட்டும் என்று எழுதினேன்.

நான்காவது நிழற்சாலை
அண்ணா நகர் கோபுரப் பூங்காவை ஒருவரும் சொல்லவில்லையே. 1968இல் இங்கே உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தபோது கட்டிய கோபுரம், 135 அடி. 2011இல் மூடினார்கள். மேலிருந்து குதித்து உயிரைவிட்டவர்கள் உண்டு என்பதால்தான். பன்னிரண்டு ஆண்டு பூட்டிக்கிடந்து, கம்பி வலை போட்டு 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். மெட்ரோ நிலையம் வாசலிலேயே, பெயரே அண்ணா நகர் டவர். மேலே சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். அப்பா கீழே மர நிழலில் உட்காரலாம், குழந்தை ஓடிவிடும், நடுவில் நீங்கள்தான் மூச்சு வாங்குவீர்கள்.

சுவரெல்லாம் காதலர் பெயர் கிறுக்கியிருக்கும். அதைப் பார்க்காதது போலப் போய்விட வேண்டும்.

பொள்ளாச்சி மகள்
இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 116 ஏக்கர் கதையைக் கேட்டு, எங்கள் ஊரிலும் அப்படித்தான் குளம் போய் பஸ் நிலையம் வந்தது என்றார்.

அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று: பெரிய மரம் எங்கே?

வேளச்சேரி நாரை
அடையாறு ஆலமரம். வேறு பேச்சே இல்லை.

பிரம்மஞான சபை வளாகத்துக்குள் இருக்கிறது. சபையை நிறுவிய பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882இல் வாங்கிய இடம். தோட்டமாகத் தொடங்கி இன்று 260 ஏக்கர் அளவுக்கு அடர்ந்து கிடக்கிறது, ஒரு பக்கம் அடையாறு முகத்துவாரம். ஆலமரத்துக்கு 450 வயதுக்குக் குறையாது என்கிறார்கள். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: நடுவே தாய்மரம் இல்லை. 1989இல் அடித்த புயற்காற்றில் விழுந்துவிட்டது. இப்போது நிற்பதெல்லாம் விழுதுகள். அவையே தனித்தனி மரமாகப் பருத்துவிட்டன. வளாகத்தில் ஆனைப்புளிய மரமும் உண்டு. ஆப்பிரிக்கக் காட்டு மரம், அடிமரம் யானை வயிறு மாதிரி இருக்கும்.

சிக்கல்கள் இரண்டு. காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம்தான் பார்வையாளர்களை விடுகிறார்கள், ஞாயிறு கிடையாது, நேரத்தை மாற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். போன் செய்து கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இன்னொன்று, வாசலிலிருந்து மரம்வரை நல்ல நடை. அப்பாவுக்கு வழியில் இரண்டு மூன்று முறை ஓய்வு வேண்டியிருக்கும். தின்பண்டம் கொண்டுபோகாதீர்கள். மகளிடம் சத்தம் போடக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள், அது தியானம் செய்கிறவர்கள் இடம்.

சக்கர நாற்காலி ஓட்டுநர்
என் அம்மாவை ஒன்பது ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இந்த ஊரெங்கும் தள்ளிக்கொண்டு போகிறவன் நான். அந்தக் கணக்கில் கொஞ்சம் சொல்கிறேன்.

இணையத்தில் நட்சத்திரம் போட்டு மதிப்பிடுகிறவர்கள் யாரும் பூங்கா வாசலைப் பார்ப்பதில்லை. வாசலில் இரு சக்கர வண்டி நுழையாமல் இருக்க இரும்புத் தடுப்பு வைத்திருப்பார்கள். வண்டியோடு நாற்காலியும் நுழையாது. எத்தனையோ பூங்காக்களில் அம்மாவை இறக்கி, நாற்காலியை மடக்கித் தலைக்குமேல் தூக்கி, மறுபடி ஏற்றியிருக்கிறேன். உள்ளே நடைபாதை வழவழவென்று இருக்கும், அதற்குப் போக வழிதான் இருக்காது.

மெரினாவில் மட்டும் ஒன்று நடந்தது. 2022 நவம்பரில் மணலின் மேல் கடலை நோக்கி மரப்பாதை போட்டார்கள், 263 மீட்டர். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் என்று கட்டியது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து கடைசிப் பகுதியை உடைத்தது. ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பிறகு சரிசெய்தார்கள், அம்மாவைக் கூட்டிப்போனேன். அலையைப் பக்கத்தில் பார்த்து முப்பது வருடம் இருக்கும் என்றார். ஈரக் காற்றில் உப்பு முகத்தில் ஒட்டியிருந்தது, துடைக்க வேண்டாம் என்றுவிட்டார்.

உங்கள் அப்பாவுக்கு முழங்கால் என்பதால் சொல்கிறேன், மணலில் நடக்கவிடாதீர்கள். அந்த மரப்பாதையிலேயே போங்கள். சனி, ஞாயிறு என்றால் நன்றாக நடக்கக்கூடியவர்களே பாதையை அடைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு வார நாள், தப்பித்தீர்கள்.

இரட்டையர் அம்மா
ஐயா, இதைப் படித்ததும் என் கழிப்பறைப் புகார் சிறியதாகிவிட்டது.

சக்கர நாற்காலி ஓட்டுநர்
இல்லை அம்மா, இரண்டும் ஒரே புகார்தான்.

பொள்ளாச்சி மகள்
வண்டலூரை என்ன செய்யலாம்? மகள் சிங்கம் சிங்கம் என்கிறாள்.

நான்காவது நிழற்சாலை
602 ஹெக்டேர். அதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். மின்கல வண்டி இருக்கிறது, ஆனால் ஏறி இறங்கி, வரிசையில் நின்று, நந்தனத்திலிருந்து போய்த் திரும்பி… ஒரு நாள் முழுதாகப் போய்விடும். முழங்கால் வலிக்காரரையும் ஆறு வயதையும் ஒருவராக நீங்கள் சமாளிக்க முடியாது. அடுத்த முறை தம்பிக்கு விடுமுறை இருக்கும்போது போங்கள்.

வேளச்சேரி நாரை
வழிமொழிகிறேன். மிச்சமாகும் வியாழன் காலைக்கு என் வீட்டுப் பக்கம் வாருங்கள்: பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்.

பூங்கா என்று எதிர்பார்த்து வராதீர்கள். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, ஒரு பக்கம் மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடம், நடுவில் தண்ணீர். காற்று திரும்பினால் மூக்கைப் பிடிக்க வேண்டும். ஆனால் ஜனவரியில் அந்தத் தண்ணீரில் பூநாரை நிற்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, ஊசிவால் வாத்து, நீலத்தாழைக்கோழி. துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையோரத்தில் நின்றாலே தெரியும், ஆனால் லாரிகள் பறக்கும் சாலை, குழந்தையோடு வேண்டாம். 2021இல் திறந்த சூழலியல் பூங்காவுக்குள் போங்கள், நடைபாதையும் வேலியும் இருக்கின்றன.

2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைப்போலப் பல மடங்கு இருந்த கழுவெளி. நாங்கள் வீடு கட்டிக் குடியிருப்பதே அதன் மேல்தான். மழைக்காலத்தில் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வரும்போது, அது தன் வீட்டுக்கு வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். மனைவிக்கு அந்த வேடிக்கை பிடிக்காது.

லஸ் முனை
கிண்டி பற்றி ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். சிறுவர் பூங்கா வேறு, கிண்டி தேசியப் பூங்கா வேறு. தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர் காடு, ஆளுநர் மாளிகையை ஒட்டியது, நாட்டிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. வெளிமான் இயல்பாகத் திரிவது அங்கேதான். அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. நாம் பார்ப்பது வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் சிறுவர் பூங்காவை; அதில் மானும் பறவைகளும் அடைப்புக்குள் இருக்கும். மகளுக்கு அது போதும். நந்தனத்திலிருந்து மெட்ரோவில் சின்னமலை, அங்கிருந்து ஆட்டோ.

பாம்புப் பண்ணை பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1972இல் கொண்டுவந்தது. சிறியது. ஒரு மணி நேரத்தில் முடியும்.

பொள்ளாச்சி மகள்
*(எட்டு நாள் கழித்து)*

ஊர் திரும்பிவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன்.

செவ்வாய்: ஆறரை என்றீர்கள், எட்டேகால் ஆகிவிட்டது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் அப்பா சதுரங்கக்காரர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர், ஒருவரின் குதிரையை எங்கே நகர்த்த வேண்டும் என்று யோசனை சொல்லித் திட்டு வாங்கினார். லஸ் முனை ஐயா, அது நீங்கள் இல்லையே? பிற்பகல் ஆலமரம். போன் செய்துவிட்டுத்தான் போனோம். வழியில் நான்கு முறை உட்கார்ந்தார். மரத்தடிக்குப் போனதும் ஒன்றும் பேசவில்லை. தாய்மரம் இருந்த இடம் எது என்று மட்டும் கேட்டு, வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது, விழுந்த பிறகும் முப்பது நாற்பது வருடம் குடும்பம் நடத்துகிறது என்றார். மகளுக்கு அலுப்பு. எறும்பு பார்த்தாள்.

புதன்: கிண்டி. புள்ளிமானைப் பார்த்து மகளுக்குத் தலைகால் புரியவில்லை. பாம்புப் பண்ணையில் முதலையிடமிருந்து நகர மறுத்தாள். மாலை கலைஞர் பூங்காவுக்கும் போனோம். இரட்டையர் அம்மா, கழிப்பறை சுத்தம்தான். நுழைவுச்சீட்டு விலையைக் கேட்டு அப்பா வெளியே செம்மொழிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடம்தானே இது, 1970களில் காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிட்டேன் என்றார். யாருடைய கார் என்று கேட்டேன், சொல்லவில்லை.

வியாழன்: பள்ளிக்கரணையில் பூநாரை தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, தொலைநோக்கி இல்லாதது என் தவறு. பக்கத்திலிருந்த கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் தங்களுடையதைக் கொடுத்தார்கள். நாற்றம் நீங்கள் சொன்னதைவிடக் கூடுதல். மாலை மெரினா மரப்பாதை. ஓட்டுநர் ஐயா, உங்கள் அம்மாவைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன், விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்போது ஒரு கேள்வி. தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகைகூட மங்கிப்போன ஒரு சின்ன மாநகராட்சிப் பூங்கா. மூன்று நாளும் காலையில் அப்பா தனியாகவே அங்கே போய்விட்டார். அங்கே விழுந்துகிடந்த நாகலிங்கக் காய் ஒன்றைத் துண்டில் சுற்றிப் பொள்ளாச்சிவரை கொண்டுவந்துவிட்டார். தோப்பில் முளைக்குமா?

வேளச்சேரி நாரை
முளைக்கும். வீட்டுக்குள் உடைக்காதீர்கள், நாற்றம் நாலு நாள் போகாது. தோப்பில் வைத்து உடைத்து, சதையைக் கழுவி, விதையைக் காயவிடாமல் உடனே போடச் சொல்லுங்கள். நிறைய விதை இருக்கும். நாற்றுக் கொஞ்சம் நிழலில் வளரட்டும்.

கட்டில் போட்டுப் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் நட வேண்டாம். காய் பீரங்கிக் குண்டு.

பொள்ளாச்சி மகள்
தாமதமாகச் சொல்கிறீர்கள். சமையலறையில் உடைத்தாயிற்று.